படகுக்கும் பாடு முறை வேண்டும்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து பனிக்காலம் தொடங்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏர்பேட்டிலிருந்து வேன்கள் புறப்படத் தொடங்கிவிடும். காளஹஸ்திக்கோ திருமலைக்கோ போகாத வேன் என்றால், அது நாயுடுபேட்டை வழியாகச் சூலூர்ப்பேட்டைக்குப் போகிறது என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிடலாம். பழவேற்காடு ஏரிக்கு வரும் பறவைகளைப் பார்க்கப் போகிறார்கள். அந்த வேன்களில் நம்மவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஐ.ஐ.டி.க்கும் ஐசருக்கும் கட்டடம் எழுப்ப வந்த கொத்தனார்கள், சாப்பாட்டுக் கூடங்களில் வேலை செய்பவர்கள், கடைகளிலும் காண்டிராக்டர்களிடமும் கணக்கு எழுதும் குமாஸ்தாக்கள் எல்லோரும் உண்டு. ஆறு நாள் உழைத்தவனுக்கு ஏழாம் நாள் ஓர் ஏரியைப் பார்க்க ஆசை வருவதில் தவறு ஒன்றும் இல்லை. அந்த ஆசையைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

ஆனால், நாம் போய் வருவதால் அந்த ஏரிக்கும் ஏரியை நம்பி வாழ்கிறவர்களுக்கும் என்ன நேருகிறது என்பதை நாம் யோசிப்பதே இல்லை. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் உருவானபோது, அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த சூலூர்ப்பேட்டையும் தடாவும் இந்த மாவட்டத்துக்கு வந்துவிட்டன. ஆகவே ஏர்பேட்டில் இருப்பவர்களுக்குப் பழவேற்காடு இனி அடுத்த மாவட்டத்து ஏரி அல்ல. அதைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு, கடமையும் உண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

சென்ற தை மாதத்தில் நானும் அந்த ஏரிக்குப் போயிருந்தேன். உடன் வேலை செய்பவர்களும் அவர்கள் குடும்பத்தாருமாக நாங்கள் 14 பேர். கரையோர ஊர் ஒன்றில் ஒரு படகுக்காரர் தலைக்கு 150 ரூபாய் கேட்டார். எங்களில் பேரம் பேசுவதில் கெட்டிக்காரர் ஒருவர் 100 ரூபாய்க்கு முடித்தார். எல்லோருக்கும் சந்தோஷம். எட்டுப் பேர் தாராளமாக உட்காரக்கூடிய படகில் 14 பேரும் ஏறிக்கொண்டோம். மிதவைச் சட்டைகள் நாலைந்து முன்பக்கத்தில் சுருட்டிக் கிடந்தன. அவற்றை யாரும் எடுத்து மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டிக்கொள்ளச் சொல்லவும் இல்லை.

தூரத்தில் பூநாரைகள் வரிசையாக நின்று மேய்ந்துகொண்டிருந்தன. இன்னும் பக்கத்தில் போகலாம் என்று நாங்கள்தான் சொன்னோம். என்ஜின் சத்தம் நெருங்கியதும் கூட்டம் முழுவதும் எழுந்து பறந்தது. அந்த அழகைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தோம். படகின் விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. "அண்ணா, உட்காருங்க, உட்காருங்க!" என்று படகுக்காரர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கைக்குழந்தை வைத்திருந்த தாய் ஒருத்தி மட்டும் கரை சேரும் வரை வாய் திறக்கவில்லை.

இறங்கிய பிறகு அவரிடம் கேட்டேன்: "ஏன் அண்ணே, இத்தனை பேரை ஏத்தினீங்க?" அவர் கோபப்படாமல் சொன்னார்: "நீங்க கூலியைக் குறைச்சீங்க, நான் ஆளை ஏத்தினேன். டீசல் விலை குறையுமா சார்?"

இந்தப் பதிலுக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியவில்லை. சுற்றுலா நிர்வாகம் என்று பெரிய வார்த்தைகளில் பேசப்படும் விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று அப்போது தோன்றியது.

மறக்கக்கூடாத கிறிஸ்துமஸ்

எங்களுக்கு நேராதது பிறருக்கு நேர்ந்திருக்கிறது. 2011 டிசம்பர் 25ஆம் தேதி, கிறிஸ்துமஸ் விடுமுறை தினத்தன்று, பழவேற்காட்டில் உல்லாசமாகச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடி ஏரியில் கேரள சுற்றுலாக் கழகத்தின் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்; அவர்களிலும் தமிழ்நாட்டவர் பலர். கரையில் நின்ற மிருகங்களைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கமாகத் திரண்டதும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2017 நவம்பரில் விஜயவாடா அருகே கிருஷ்ணா நதியில் நடந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். மாநிலமும் படகும்தான் வேறு. காரணங்களைக் கேட்டால் ஒரே பாட்டாக இருக்கிறது. அளவுக்கு மீறிய கூட்டம், அணியாத மிதவைச் சட்டை, கேட்பாரற்ற படகுத்துறை.

பழவேற்காடு விபத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பக்கத்தில் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றுவது தடை செய்யப்பட்டது. தடைக்குப் பின்பும் படகுகள் ஓடுவதாகப் பத்திரிகைகளில் பலமுறை செய்தி வந்தது. இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. பார்க்க வருகிறவர்கள் நிற்கவில்லை. பிழைப்புக்கு வழி தேடும் மீனவரும் இருக்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு தடை உத்தரவை மட்டும் நிறுத்தி வைத்தால், நடப்பது மறைவாக நடக்கும். மறைவாக ஓடும் படகுக்கு ஏற்றும் அளவும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது. தடை போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, தடையே போடாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

ஏரி ஒன்று, இலாகாக்கள் பல

பழவேற்காடு, ஒரிஸாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவிலேயே பெரிய உப்பங்கழி. கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தெற்கு முனை தமிழ்நாட்டில். ஆந்திரப் பக்கத்தில் சுமார் 480 சதுர கிலோமீட்டர் 1976ஆம் ஆண்டிலும், தமிழ்நாட்டுப் பக்கத்தில் சுமார் 150 சதுர கிலோமீட்டர் 1980ஆம் ஆண்டிலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஒரே தண்ணீர், இரண்டு அறிவிப்புகள். அதற்குமேல் ஒவ்வொரு பக்கத்திலும் வன இலாகா, மீன்வள இலாகா, சுற்றுலா இலாகா, ரெவின்யூ, போலீஸ் என்று தனித்தனியே அதிகாரம்.

பூநாரைக்கு எல்லைக்கோடு தெரியாது. காலையில் தடா பக்கத்தில் மேய்ந்தது மாலையில் பழவேற்காட்டுப் பக்கம் போய் இறங்கும். மீனுக்கும் தெரியாது. மீனவருக்கு மட்டும் தெரிந்தாக வேண்டியிருக்கிறது; அதனால்தான் இரு மாநில மீனவர்களுக்குள் இந்த ஏரியில் அவ்வப்போது தகராறு வருகிறது. 1960 ஏப்ரலில் மாநில எல்லை மாற்றப்பட்டபோது திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, சத்தியவேடு இந்தப் பக்கம் வந்தது. நிலத்தை அப்படிப் பிரிக்கலாம், பட்டாவை மாற்றி எழுதலாம். ஏரித் தண்ணீரில் கோடு போட முடியாது. ஒரு பக்கம் தடையும் மறுபக்கம் அனுமதியும் இருந்தால், வேன் அனுமதி இருக்கும் பக்கம் திரும்பிவிடும். பாரம் குறையாது, இடம் மாறும், அவ்வளவுதான்.

இரு மாநிலங்கள் கூடிப் பேசிக் காரியம் செய்ய முடியாதா? முடியும் என்பதற்குச் சான்று நமக்கு மிகப் பக்கத்திலேயே இருக்கிறது. தெலுங்கு கங்கைத் திட்டத்துக்கு 1983இல் ஒப்பந்தம் ஆயிற்று. 1996இல் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டது. சென்னையின் குடிநீருக்காக ஆந்திரத்தின் ஊர்களின் வழியே கால்வாய் வெட்டி, கண்டலேற்றிலிருந்து பூண்டிக்குத் தண்ணீர் அனுப்பத் தெரிந்த இரு அரசுகளுக்கு, ஒரே ஏரிக்கு ஒரே விதி எழுதுவது பெரிய காரியம் அல்ல. மனம்தான் வேண்டும்.

மீனவர்கள் கண்ட முறை

விதி எப்படி இருக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க வெளிநாட்டு நிபுணரைத் தேடிப் போகத் தேவையில்லை. அந்த ஏரியிலேயே தலைமுறை தலைமுறையாக ஒரு முறை இருந்து வருகிறது. அதற்குப் பாடு என்று பெயர்.

ஏரியில் எல்லா இடத்திலும் இறால் ஒன்றுபோல் படாது. முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில் நன்றாகப் படும். வேறு இடங்களில் வலை வெறுமையாக வரும். எல்லோரும் நல்ல இடத்துக்கே ஓடினால் சண்டைதான் மிஞ்சும், இறாலும் மிஞ்சாது. ஆகவே பாடு முறையில் உரிமையுள்ளவர்கள் யார் யார் என்று ஊரே கணக்கு வைக்கிறது. இடங்களை வகுத்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவர், நாளைக்கு அவர் என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் இன்று கிடைக்காதவருக்குத் தம் நாளில் கிடைக்கும். முறை தவறியவரைப் பஞ்சாயத்துக் கூப்பிட்டு விசாரிக்கும்.

எத்தனை பேர், எந்த இடம், யாருடைய முறை என்ற மூன்று கேள்விகளுக்கும் இதில் விடை இருக்கிறது. சுற்றுலாப் படகுக்கு வேண்டியதும் இதே மூன்று விடைகள்தாம். ஒரு துறையிலிருந்து ஒரு நாளைக்கு இத்தனை படகு. ஒரு படகில் இத்தனை பேர். அந்த எண் படகின் பக்கவாட்டில் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் பெரிதாக எழுதப்பட்டிருக்க வேண்டும். எந்தப் படகு எப்போது போவது என்பது முறைப்படி. கூலி ஒரே கூலி. கரையில் சங்கத்தின் சீட்டுக் கொடுக்குமிடத்தில் கட்டிவிட்டு ஏற வேண்டும். படகுக்காரரிடம் பேரம் பேசுவதற்கு இடமே இருக்கக்கூடாது. இன்று எனக்கு முறை உண்டு, கூலி நிச்சயம் என்று தெரிந்தால், எந்தப் படகுக்காரரும் எட்டுப் பேர் இடத்தில் 14 பேரை ஏற்றித் தம் உயிரையும் பணயம் வைக்க மாட்டார்.

பாடு முறையில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. அந்த உரிமை ஒரு சில ஊர்களுக்கும் அங்குள்ள குறிப்பிட்ட சமூகத்தாருக்கும் மட்டுமே உரியதாக இருந்து வந்திருக்கிறது. முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர்களுக்கும், ஆந்திரப் பக்கத்து யானாதிகளுக்கும் அதில் பங்கில்லை. பழைய முறையைப் படகுக்குக் கொண்டுவரும்போது பழைய குறையையும் சேர்த்துக் கொண்டுவரக்கூடாது. பறவை எங்கே இறங்கும், தண்ணீர் எங்கே வற்றும் என்பது அவர்களுக்கு அத்துபடி. வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் அவர்களுக்கு முதலிடம் தருவதே நியாயம்.

சிலிகாவிலிருந்து ஒரு பாடம்

இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் சிலிகாவைப் பார்க்கலாம். அந்த ஏரியும் ஒரு காலத்தில் முகத்துவாரம் தூர்ந்து, மீன் குறைந்து, களை மண்டிச் சீரழிந்தது. அபாயத்தில் இருக்கும் நீர்நிலைகளுக்கான சர்வதேசப் பட்டியலில் 1993இல் அது சேர்க்கப்பட்டது. ஏரிக்கென்று தனி ஆணையம் அமைத்து வேலை செய்தார்கள். 2000ஆம் ஆண்டில் கடலுக்குப் புது வாய் வெட்டப்பட்டது. மீன் வளம் திரும்பியது. 2002இல் அபாயப் பட்டியலிலிருந்து சிலிகாவின் பெயர் நீக்கப்பட்டது.

அந்த ஏரியின் வடகரையில் மங்களாஜோடி என்று ஒரு கிராமம். பறவைகளைக் கொன்று விற்பது அங்கே பலருக்குத் தொழிலாக இருந்தது. அவர்களிடம் பேசி மனம் மாற்றி, அவர்களையே பறவைகளுக்குக் காவலர்களாகவும் படகோட்டிகளாகவும் ஆக்கினார்கள். அங்கே படகுகள் என்ஜின் இல்லாமல் கழி ஊன்றித் தள்ளப்படுகின்றன. பறவைகள் பயந்து ஓடுவதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு 2018இல் ஐக்கிய நாடுகள் சபையின் உலகச் சுற்றுலா அமைப்பின் விருது கிடைத்தது. அதே சிலிகாவில் சாத்தபாடா பக்கத்தில், இராவதி ஓங்கில்களைப் பார்க்க விசைப்படகுகள் துரத்திக்கொண்டு போகின்றன என்ற புகாரும் நெடுங்காலமாக உண்டு. ஒரே ஏரியில் இரண்டு வழிகளையும் பார்க்கலாம். எந்த வழியைப் பழவேற்காடு பின்பற்றப் போகிறது என்பதே கேள்வி.

பழவேற்காடு ஆழமில்லாத ஏரி. பல இடங்களில் ஆள் நின்றால் இடுப்பளவு, மார்பளவுதான் தண்ணீர். கோடையில் ஆந்திரப் பக்கத்தில் பெரும்பரப்பு வற்றி, உப்புத் தரையாகக் கிடக்கும். இப்படிப்பட்ட ஏரியில் பறவை பார்க்க என்ஜின் எதற்கு? துறையிலிருந்து தூரம் போக என்ஜின் இருக்கட்டும். பறவைக் கூட்டம் கண்ணில் பட்டதும் அதை நிறுத்திவிட்டுக் கழி ஊன்ற வேண்டும் என்று விதி செய்யலாம். பூநாரை வெகுதூரத்திலிருந்து இரை தேடி வருகிறது. தலையைக் கவிழ்த்து, தண்ணீரை அலகால் சலித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களைத் தின்று அது பசியாற வேண்டும். நாம் ஒவ்வொரு முறை எழுப்பிப் பறக்க விடும்போதும் அதன் சாப்பாட்டைப் பாதியில் தட்டிவிடுகிறோம்.

எண்ணத் தெரியாதவர்களா?

கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது நடக்காத காரியம் என்று அதிகாரிகள் சொல்வது வழக்கம். சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை இந்த ஏரியின் குறுக்கேதான் போகிறது. ராக்கெட் ஏவுவதைப் பொதுமக்கள் பார்ப்பதற்காக 2019இல் அங்கே ஒரு காட்சி மாடம் திறந்தார்கள். முன்கூட்டிப் பெயர் பதிவு செய்தவர்களுக்கே அனுமதி. எத்தனை இடமோ அத்தனை பேர். அதற்குமேல் ஒருவரையும் உள்ளே விடுவதில்லை. ராக்கெட் பார்க்க வருகிறவர்களை எண்ணி அனுப்பத் தெரிந்த ஊரில், பறவை பார்க்க வருகிறவர்களை எண்ண முடியாதா?

ஊட்டியிலும் கொடைக்கானலிலும் என்ன நடந்தது என்பதும் நமக்குத் தெரியும். இரண்டும் ஏரியை நடுவில் வைத்து வளர்ந்த ஊர்கள். இரண்டும் கோடை விடுமுறையில் மூச்சுத் திணறும் ஊர்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2024 மே 7ஆம் தேதியிலிருந்து வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் முறையைக் கொண்டுவந்தது. 2025ஆம் ஆண்டுக் கோடைக்கு, நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பு கட்டியது. கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்கள் கவலையிலும் நியாயம் உண்டு. ஆனால் ஓர் ஊர் இத்தனை பேரைத்தான் தாங்கும் என்ற பேச்சை நீதிமன்றமே எடுத்தபின், அந்தப் பேச்சைத் தவிர்க்க இனி யாராலும் முடியாது.

இங்கே நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பயம் எழுவது இயற்கை. வரம்பு என்று வந்தால் முதலில் வெளியே நிற்கப் போகிறவர்கள் யார்? கார் வைத்திருப்பவர் முன்கூட்டியே பதிவு செய்துவிடுவார். சனிக்கிழமை ராத்திரி சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை காலையில் போகலாமா என்று யோசிக்கும் கூலிக்காரனுக்கு இடம் இருக்குமா? நியாயமான கேள்வி இது. அதற்கும் மலையிலிருந்தே ஒரு விடை கிடைக்கிறது. அந்த இ-பாஸ் முறையில் அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்குப் பாஸ் தேவை இல்லை என்று வைத்தார்கள். பழவேற்காட்டிலும் படகு இடங்களில் ஒரு பகுதியை, பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து நேரில் சீட்டு வாங்குகிறவர்களுக்கு என்று ஒதுக்கி வைக்க வேண்டும். பனிக்காலத்து ஞாயிறுகளில் காளஹஸ்தியிலிருந்தும் சூலூர்ப்பேட்டை ரயில் நிலையத்திலிருந்தும் பறவைக்கென்று இரண்டு பஸ் விட்டால், கரையில் வேன்களின் நெரிசலும் குறையும். ஏழையின் ஞாயிற்றுக்கிழமையைப் பறித்துத்தான் ஏரியைக் காப்பாற்ற வேண்டும் என்பதில்லை.

மூன்று நாள் விழாவும் மிச்ச நாட்களும்

சூலூர்ப்பேட்டையில் 2001ஆம் ஆண்டு தொடங்கிய பூநாரைத் திருவிழாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2020க்குப் பிறகு சில ஆண்டுகள் நின்றுபோயிருந்த அந்த விழா 2025 ஜனவரியில் மூன்று நாள் மறுபடி நடந்தது. நேலப்பட்டிலும் பீமுனிவாரிபாளையத்திலும் கூட்டம். சூலூர்ப்பேட்டையில் மேடை, ஆட்டம், பாட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பறவைகளின் பெயரைத் தெரிந்துகொள்வது நல்லதுதான். விழாவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. ஆனால், விழா நடக்கும் மூன்று நாளில் ஏரியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மிச்ச நாட்களிலும் பேச வேண்டும்.

ஏனெனில் ஏரியின் நோய் படகுத்துறையில் மட்டும் இல்லை. ஆந்திரப் பக்கத்து முகத்துவாரங்களான ராயதொருவும் தூப்பிலிபாளையமும் மணல் மூடித் தூர்ந்து போயின. கடல் நீர் உள்ளே வந்து போனால்தான் இறாலும் மடவையும் நண்டும் பெருகும். முகத்துவாரம் அடைபட்டால் மீனவரின் வலை காயும். மீன் இல்லாத இடத்துக்குக் கூழைக்கடாவும் வராது. நேலப்பட்டு மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள் இரை தேடிப் போவது இந்த ஏரிக்குத்தான். மீன் குறைந்த பிறகுதான் மீனவர் படகில் பயணிகளை ஏற்ற வருகிறார் என்பதையும் மறக்கக்கூடாது. சுற்றுலாவில் வரும் பணத்தைக் காட்டி, மீன்பிடிப்பைக் கைவிடச் சொல்லும் திட்டம் எதுவானாலும் அது நிலைக்காது. முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது முதல் வேலை. படகுத்துறைக்கு வர்ணம் பூசுவது அதற்கு அப்புறம்.

சீட்டுப் பணத்தில் ஒரு பங்கு கரையோர ஊர்களின் பொது நிதிக்குப் போக வேண்டும் என்பதும் இதனால்தான். பறவையைக் காப்பாற்றுவது ஊருக்கு லாபம் என்று தெரிந்த இடத்தில் போலீஸ் தேவைப்படுவதில்லை. நேலப்பட்டு மக்கள் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அறிந்தவர்கள். வேடந்தாங்கல் கிராமத்தார், தங்கள் பறவைகளை வேட்டைக்காரர்களிடமிருந்து காப்பாற்ற 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கலெக்டரிடம் எழுத்து வாங்கி வைத்தார்கள். சிவகங்கைச் சீமையில் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இவர்கள் யாரும் சுற்றுலா நிர்வாகம் படித்தவர்கள் அல்லர்.

நம் பங்கு

அரசு செய்ய வேண்டியதைச் சொன்னோம். இரு மாநிலங்களும் மீனவர் பஞ்சாயத்துகளும் சேர்ந்த ஒரே குழு, எண்ணப்பட்ட படகுகள், முறை வைத்த ஓட்டம், ஒரே கூலி, தெலுங்கிலும் தமிழிலும் எச்சரிக்கைப் பலகை, ஊருக்குப் பங்கு. இவையெல்லாம் வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை.

வெளியூரில் பிழைக்க வந்தவர்கள் நாம். நம் வேன் நின்ற இடத்தில் கிடக்கும் பிரியாணிப் பொட்டலமும் உடைந்த பாட்டிலும் நம் பெயரைத்தான் சொல்லும். வலை இழுக்க இறங்கும் யானாதிப் பெண்ணின் காலில் அந்தக் கண்ணாடி குத்தினால், அவளுக்கு அன்றைய கூலி போயிற்று. கூலி போவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியாததல்ல.

பேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. காய்கறிக்காரியிடம் பேசுவதுபோல் படகுக்காரரிடம் பேசக்கூடாது. நமக்கு மேஸ்திரி கூலியைக் குறைத்தால் நாம் என்ன சொல்கிறோம்? வயிற்றில் அடிக்கிறான் என்கிறோம். அதே காரியத்தைத்தான் அன்று கரையில் நாங்கள் செய்தோம். அந்த 50 ரூபாய் லாபத்துக்கு ஒரு கைக்குழந்தையின் உயிரைப் பந்தயம் வைத்தோம். படகுக்காரர் மேல் மட்டும் பழி போட்டு இந்தக் கட்டுரையை எழுதியிருக்கலாம். அது நேர்மையாக இராது.

வருகிற தையில் மறுபடியும் போவதாக இருக்கிறோம். கேட்ட கூலியைக் கொடுப்பது, மிதவைச் சட்டையை எல்லோரும் மாட்டிக்கொள்வது, ஒரு தடவைக்கு எட்டுப் பேருக்குமேல் ஏறுவதில்லை என்று இப்போதே பேசி வைத்துவிட்டோம். மிச்சம் ஆறு பேர் கரையில் காத்திருப்பார்கள். படகு திரும்பி வரும்.